அங்கேரிக்காரர் அடிக்காத கோல்

எங்கள் வீட்டில் அவர் முதன்முறை சாப்பிட்ட அன்று என் மனைவி அயிலைக் குழம்பு வைத்திருந்தாள். வெள்ளைக்காரர் என்பதால் மிளகாயைக் குறைத்து, தேங்காயைக் கூட்டி, பயந்து பயந்து வைத்த குழம்பு. "எப்படி இருக்குன்னு கேளுங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்று என்னை ஏவிக்கொண்டே இருந்தாள். கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். மூன்று மீனின் முட்கள் வரிசையாகக் கிடந்தன.

"மூன்றாவது மீன் நன்றாக இருந்தது," என்றார்.

ஒரே சட்டியில் கொதித்த மூன்றில் மூன்றாவது மட்டும் எப்படி நன்றாக இருக்கும் என்று என் மனைவி வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் அது அப்படித்தான் இருந்திருக்கும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வார். ஒரு விரற்கடை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் நாகர்கோவிலிலிருந்து கொளச்சல் வரைக்கும் நாங்கள் அத்தனை பொய் சொன்னோம். முதல் பொய் என்னுடையது.

அவர் ஹங்கேரி நாட்டுக்காரர். எங்கள் வாயில் அது அங்கேரி ஆயிற்று, அவர் அங்கேரித் துரை ஆனார். முப்பதுகளின் தொடக்கத்தில், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்த மணலை வாரிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்குப் பிட்டராக வந்து சேர்ந்தார். மணலைக் காந்தத்தால் பிரிக்கும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடிய ஆள். கைகள் அந்த நெடிய உடம்புக்கும் சற்று அதிகப்படி. மற்ற துரைமார் கம்பெனி பங்களாக்களில் இருந்தார்கள். இவர் சின்னவிளையில், மீன்பிடிக்கிறவர்களின் வீடுகள் முடிகிற இடத்தில், ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஏன் என்று கம்பெனி குமாஸ்தா ஒருவர் கேட்டதற்கு, "பங்களா ஜன்னலில் கடல் பாதிதான் தெரிகிறது" என்றாராம்.

அந்தக் குமாஸ்தாதான் படத்தைப் பார்த்தவர். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போன இடத்தில், சுவரில் ஒரு பந்தாட்டக் குழுவின் புகைப்படம் மாட்டியிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தார்கள். நடுவில் பந்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும் வரிசைக் கடைசியில் நின்றவருக்கும் மட்டும் வேறு சட்டை. கடைசியில் நின்றது நம் ஆள்.

"அங்கேரி தேசத்துக்க டீமாக்கும்," என்று குமாஸ்தா பஸ்ஸில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ரெண்டு பேருக்கு மட்டும் வேற சட்டை. ஒருத்தன் ராசா, ஒருத்தன் மந்திரி. நம்ம துரைதான் மந்திரி."

பஸ் நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் மந்திரி ராசாவாகிவிட்டார். கோல் காவல் நிற்பவருக்கு வேறு சட்டை கொடுப்பார்கள் என்பது அந்த பஸ்ஸில் யாருக்கும் தோன்றவில்லை. நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். டிரில் வாத்தியாரான எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிரில் வாத்தியார். தற்காலிகம் என்றால் நான்கு வருஷமாகத் தற்காலிகம். பள்ளி மானேஜர் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர், பெரிய உருவம், சிறிய குரல். என் வேலையை நிரந்தரமாக்கும்படி ஒவ்வொரு வருஷமும் அவரிடம் போய் நிற்பேன். ஒவ்வொரு வருஷமும் அவர் ஜெபத்தில் வைப்பதாகச் சொல்வார். அந்த வருஷம் அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேய், அந்த அங்கேரித் துரையைப் பரிசளிப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வருவீராவேய்?"

"கேட்டுப் பாக்கேன் ஐயா."

"கேட்டுப் பாக்காண்டாம். கூட்டிட்டு வாரும். வந்தாருன்னா உம்ம காரியம் ஆச்சு. வரல்லேன்னா, டிரில் வாத்தியாரு இல்லாம ஒரு பள்ளிக்கூடம் நடக்காதாண்ணு எனக்கும் ஒரு யோசனை வரும், பாத்துக்கிடும்."

மறுநாள் சின்னவிளைக்குப் போனேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கும் அப்படித்தான். ஆனால் இருவரின் குறைகளும் வேறுவேறு இடத்தில் இருந்ததால் பேச்சு ஒருவழியாக நடந்தது.

"உங்கள் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்," என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம்."

யோசித்தார். "அவ்வளவு இல்லை," என்றார்.

பிறகு இருக்கிற அளவைச் சொன்னார். சொந்த ஊர் ரயில் பட்டறைக் குழுவுக்கு அவர் கோல்கீப்பர். சுமாரான கீப்பர். தேசத்துக் குழுவுக்கு இரண்டாவது கீப்பராக எடுத்தார்கள். ஐந்து வருஷம் அவர்களோடு ரயிலில் பல ஊர்களுக்குப் போனார். முதல் கீப்பர் ஆடினார். இவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆட்டம்கூட ஆடவில்லையா சார்?"

"இல்லை. அவன் மிகவும் ஆரோக்கியமானவன். ஐந்து வருஷத்தில் ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை."

அந்த ஆரோக்கியத்தின்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அப்புறம் சார்?"

"அப்புறம் யுத்தம். அதில் யாரையும் வெளியே உட்கார வைக்கவில்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கவலை. ஆனாலும் மேடையில் மனிதன் கொஞ்சம் கூட்டிப் பேசுவான், அது உலக வழக்கம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவரைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

பரிசளிப்பு விழா அன்று தூறல். பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள். தோவாளையிலிருந்து வந்த ரோஜா மாலையை மானேஜர் அவருக்குப் போட்டார். அவர் எழுந்து நின்றார். நான் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன்.

"நான் கோல்கீப்பர். இரண்டாவது," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"துரை அவர்கள் சொல்லுகிறார்கள், தாம் கோல்…" என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தைக்கே கைதட்டல் தொடங்கிவிட்டது. மிச்சம் அதில் மூழ்கிப்போயிற்று.

"ஐந்து வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன்," என்றார் அடுத்து.

கூட்டம் என் வாயைப் பார்த்தது. மண்டபத்தில் ஓட்டின்மேல் தூறல் விழும் சத்தம் மட்டும். மானேஜர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒழுகுகிற ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு போடலாமா என்று பார்க்கும் பார்வை.

"ஒரு நாள் நல்ல மழை," என்றேன் நான்.

மழை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வெளியிலிருந்துதான். மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எதிரி நாட்டின் தலைநகரம். இரண்டு பக்கமும் சமம். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். முழங்கால் சேறு. இடது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. அங்கேரித் துரை ஒருவனைத் தாண்டுகிறார், இன்னொருவனைத் தாண்டுகிறார், வலது காலை வீசுகிறார். பந்து வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுகிறது. நடுவருக்கே சந்தேகம், உள்ளே போனதா, வெளியே போனதா என்று. ஓடிப்போய் வலையில் உள்ள ஓட்டையைப் பார்த்த பிறகுதான் விசில் ஊதினார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மானேஜரும் எழுந்தார். அவர் எழுந்தால் என் வேலை நிரந்தரம் என்று அர்த்தம்.

அங்கேரிக்காரர் என் பக்கம் குனிந்தார். "நான் அவ்வளவா சொன்னேன்?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி சார்."

அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார். தன் மொழியும் அப்படித்தான் என்றார்.

அதன்பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பல்ல. கதை கோட்டாறுச் சந்தைக்குப் போனபோது அந்தப் பந்து வலையைக் கிழித்ததோடு நிற்காமல் ஒரு மாதாகோயில் வளாகத்தில் போய் விழுந்திருந்தது. தக்கலையில், அங்கேரி ராசா தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார். வடசேரியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் அவரைக் கொண்டு கடையைத் திறந்து, போர்டில் பந்தும் காலும் வரைந்து வைத்தார். பேர்பெற்ற வர்ம ஆசான் ஒருவர் ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, வலது காலை மடியில் தூக்கி வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் காலுக்க நரம்பு ஓட்டமே வேற," என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார் ஆசான். "கோடியில ஒருத்தனுக்கு அமையும்."

"எனக்கு வலி இடது காலில்," என்றார் அங்கேரிக்காரர். நான் அதை மொழிபெயர்த்தேன். வலது காலின் வேகம் தாங்காமல்தான் இடது கால் வலிக்கிறது என்றார் ஆசான்.

அவரை யாரும் கேட்காமல் இல்லை. கேட்டார்கள், அவரும் சொன்னார். பெரிய ஆட்டக்காரராமே என்றால், "இல்லை, சுமார்" என்பார். எத்தனை கோல் என்றால், "ஒன்றுமில்லை" என்பார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் நாலு பேர் பார்க்க ஒரு பந்தை உதைத்தவன் நாற்பது வருஷம் அதைச் சொல்லித் திரிகிறான், இவரைப் பார் என்பார்கள். மறுக்க மறுக்கப் புகழ் ஏறியது. கடைசியில் அவர் அடக்கத்துக்கும் பேர் பெற்றுவிட்டார். அடக்கம் அவரிடம் துளிகூடக் கிடையாது. இயந்திரத்தில் தான் செய்த வேலை நன்றாக அமைந்தால் "இது மிக நன்றாக இருக்கிறது" என்று கம்பெனி துரையிடமே சொல்லக்கூடியவர்.

அடுத்த அழைப்பைக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சின்னவிளைக்குப் போனபோது அவர் வீட்டில் இல்லை. கடற்கரையில் இருந்தார். கட்டுமரத் தடிகள் இரண்டை மணலில் நட்டு, பின்னால் ஒரு பழைய கரைவலையைத் தொங்கவிட்டு, நடுவில் நின்றுகொண்டிருந்தார். காலையில் மாதாகோயில் பூசைக்கு உடுத்திய வேட்டியை மடித்துக் கட்டிய மீனவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் ஏழெட்டுக் கோல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் மணலிலிருந்து எழுந்து, வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து, "நல்ல அடி" என்பார். சில சமயம், "அடி மோசம், என் தப்பு" என்பார்.

அவர்களில் சூசை என்பவன் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முப்பது வயதுக்காரன், தோணிக்காரன், மண்ணில் அடித்த முளைபோலக் கால்கள்.

"துரை ஆட்டம் எப்படி?" என்று கேட்டேன்.

"கொள்ளாம். உசரப் பந்துன்னா சாடிப் பிடிச்சிருவாரு, ஒண்ணு விடமாட்டாரு. தரையோட வந்தா கை கொஞ்சம் பதறும்."

எனக்குத் திடுக்கென்றது. "எப்பா, அவரு பெரிய ஆட்டக்காரராக்கும். அங்கேரி தேசம் முழுக்கப் பேர் உள்ள ஆளு. தெரியாதா?"

"யாரு சொன்னா?" என்றான் சூசை. "அவரு சொல்லல்லியே."

அந்தக் கரையில் அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்றால், சரி, பாவம், உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆகவே அங்கே அவருக்குப் புகழே இல்லை. தமிழ் மட்டும் கிடைத்தது. கடற்கரைத் தமிழ், ஆட்டத்தைக் களி என்கிற தமிழ், நீட்டி நீட்டி, பாடுவதுபோல. ஒரு வருஷத்தில் என் ஆங்கிலத்தைவிட அவர் தமிழ் நன்றாகிவிட்டது. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

நாகர்கோவில் மைதானத்தில் ஒரு கேடயப் போட்டி நடந்தது. முடிவில் கேடயம் கொடுக்க அவரைத்தான் அழைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, "இண்ணைக்கு ஞானே பேசும்," என்றார். நான் மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தில் நின்றேன்.

"மக்களே," என்று தொடங்கினார். அதற்கே ஒரு ஆரவாரம். "ஞான் ஒரு களியும் களிச்சில்ல. கோலும் போடல்ல. அவங்க களிச்சாவ. ஞான் இருந்தேன். அஞ்சு வருசம், வெளிய, சும்மா இருந்தேன்."

மைதானம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. என் பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீராவேய்? சும்மா இருந்தேங்காரு. நாம எத்தனை வருசமா சிவபூசை பண்ணுகோம், சும்மா இருக்க முடியுதா? வெள்ளைக்காரனுக்கு அது கிட்டியிருக்கு பாரும்!"

கூட்டத்திலிருந்து யாரோ, "மழைக்கோல் துரைக்கு ஜே!" என்று கத்தினார்கள். அவர் இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டார்.

"ஏன் கை தட்டினாவ?"

"நீங்க தமிழ் பேசினீங்களே சார்."

"தமிழில தப்பு உண்டா?"

"இல்ல சார்."

"அப்ப, சொன்னது விளங்கியிருக்குமே." நெற்றியைச் சுருக்கினார். "மழைக்கோல்னா என்ன?"

"மழை நல்ல சகுனம் சார். அதைத்தான் சொல்லுகாங்க."

நம்பினார். பொய் சொல்லத் தெரியாதவர்களை ஏமாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. கொஞ்சமும் சாமர்த்தியம் வேண்டியிருப்பதில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போயிருக்கும். கம்பெனிக்குப் புது இயந்திரம் வந்தது. அதை நிறுவ வியன்னாப் பட்டணத்திலிருந்து ஒரு எஞ்சினியரும் வந்தார். அவர் பந்தாட்டப் பைத்தியம் என்று அதே குமாஸ்தா மோப்பம் பிடித்துச் சொன்னார். அங்கேரிக்குப் பக்கத்து நாட்டுக்காரர், அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் நேரில் பார்த்தவர். நாகர்கோவிலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நம் துரையின் பெருமையைச் சாட்சி சொல்ல ஆள் வந்தாயிற்று. டவுன் கிளப்பில் ஒரு வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள்.

மாலை நான்கு மணி. மேடையில் மானேஜர், எஞ்சினியர், மாலையோடு அங்கேரிக்காரர், ஓரத்தில் நான். முன்வரிசையில் சைக்கிள் கடைக்காரர், ஆசான், மதராசில் படித்து வந்த ஒரு வக்கீல். எஞ்சினியர் ஹங்கேரி ஆட்டத்தைப் புகழ்ந்து நல்ல ஆங்கிலத்தில் பேசினார். நானும் உற்சாகமாகவே மொழிபெயர்த்தேன். அவர் உட்காரப் போகும்போது வக்கீல் எழுந்து, ஆங்கிலத்திலேயே, அந்த மழைக்கோலை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். கோலையும் முழுக்க விவரித்தார், மாதாகோயில் வளாகம் உட்பட.

எஞ்சினியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கேரிக்காரரிடம் திரும்பி ஏதோ ஒரு மொழியில் கேட்டார். இவர் நாலு வார்த்தையில் பதில் சொன்னார். எஞ்சினியர் சிரித்துவிட்டார்.

"ஐயா, இவர் கோல்கீப்பர். கீப்பர் போய்க் கோல் போடுவதில்லை. அதிலும் இவர் மாற்றுக் கீப்பர். தேசத்துக் குழுவில் ஒரு ஆட்டமும் ஆடியதில்லையாம். இவரே சொல்கிறார்."

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் கூட்டத்தின் பக்கம் திரும்பி அத்தனையையும் தமிழில் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது.

முன்வரிசை முழுக்க அங்கேரிக்காரரின் வலது காலைப் பார்த்தது. பிறகு சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "காலைப் படம் வரைஞ்சு போர்டு வச்சிருக்கேனேவேய்! நாளைக்கு எவன் மூஞ்சியில முழிப்பேன்?" ஆசான், தனக்கு அந்தக் காலில் முதலிலேயே சந்தேகம் இருந்தது என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னார். பின்னாலிருந்து, "ஏமாத்திட்டான்!" என்று ஒரு குரல். துரை என்பதுகூடப் போய்விட்டது.

அங்கேரிக்காரர் எழுந்தார். முகத்தில் கோபமில்லை, பெரிய குழப்பம்.

"ஞான் சொன்னேனே," என்றார். "மைதானத்தில சொன்னேன். இருந்தேன்னு சொன்னேன்."

"சொன்னீரு," என்றார் வக்கீல். "இல்லேங்கல்ல. ஆனா நாங்க நம்புக மாதிரி சொல்லல்ல."

அது நியாயமான குற்றச்சாட்டு என்று எல்லாருக்கும் பட்டது. பலர் தலையாட்டினார்கள்.

மானேஜர் தன் சிறிய குரலில் என்னைக் கூப்பிட்டார். "வேய் வாத்தியாரே, அண்ணைக்குப் பரிசளிப்புல மொழிபெயர்த்தது நீருதானே? அந்தக் கோலை அவரு சொன்னாரா, நீரு சொன்னீரா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இப்போது அவருக்குத் தமிழ் தெரியும். நான் என்ன சொல்லப் போகிறேனோ அதை ஒரு எழுத்து விடாமல் கேட்கக்கூடியவர். என் வீட்டில் அப்போது மூத்த மகள் பிறந்து இரண்டு மாதம். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது நினைவுக்குக்கூட வரவில்லை.

"அவரு சொன்னதைத்தான் ஐயா சொன்னேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அன்று இருந்தார். மாலையைக் கழற்றி, நாற்காலியில் வைத்து, மானேஜரைப் பார்த்து "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

போர்டில் இருந்த காலைச் சைக்கிள் கடைக்காரர் பெயின்ட் அடித்து மறைத்தார். பந்து மட்டும் தனியாக நின்றது. தாசில்தார், வெள்ளைக்காரனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று தனக்கு முன்பே தெரியும் என்றார். மணல் கம்பெனி இதையெல்லாம் கேள்விப்படவே இல்லை. அங்கே அவர் மேலும் இரண்டு வருஷம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து கொழும்புக்குக் கப்பலேறினார். அதன்பிறகு தகவல் இல்லை.

ஆனால் அவர் போவதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்தேன். கிளப்பில் நடந்ததை வீட்டில் நான் சொல்லவில்லை. சபைக்குப் போன இடத்தில் என் மனைவி கேள்விப்பட்டுவிட்டாள். மூன்று வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காவது ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"போய் அந்த மனுசரைப் பாத்துட்டு வாங்க."

"எந்த முகத்தோட போவேன்?"

"இருக்கதைக் கொண்டு போங்க. நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு உள்ளதைச் சொன்னவரு அவரு ஒருத்தருதான். மத்தவங்க எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னுட்டுப் போனாங்க. இண்ணைக்கு வரைக்கும் எனக்குக் குழம்பு வைக்கத் தெரியுமான்னு எனக்கே தெரியாது."

போனேன். கடற்கரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தடிகளுக்கு நடுவில் நின்றபடி என்னைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி, "அஞ்சு நிமிசம்," என்றார். சரியாக ஐந்து நிமிஷத்தில் வந்தார். கரையேற்றிப் போட்டிருந்த கட்டுமரத்தில் உட்கார்ந்தோம். சூசையும் மற்றவர்களும் சற்றுத் தள்ளி மணலில் சாய்ந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மானேஜரின் பார்வை, என் வேலை, நான் சொன்ன பொய், அந்தப் பொய்யை அவர்மேல் போட்ட இரண்டாவது பொய். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

"எத்தனை கோல்?"

"ஒண்ணுதான் சார்."

"எப்படிப் போட்டேன்?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. "மழையில சார். ரெண்டு பேரைத் தாண்டி…" என்று முனகினேன்.

"அப்படி இல்ல. அண்ணைக்குச் சொன்னது போல சொல்லு."

எழுந்து நின்றேன். பரிசளிப்பு மண்டபத்தில் சொன்னதுபோலவே, கையை வீசி, மழையிலிருந்து தொடங்கினேன். சூசையும் மற்றவர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சமமான ஆட்டம், ஒரு நிமிஷம், சேறு, இடது ஓரத்திலிருந்து உயர்ந்து வந்த பந்து. அவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே கோத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டார். முதல் ஆளைத் தாண்டியபோது அவர் தோள் அசைந்தது. வலை கிழிந்தபோது சூசை நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தான். நடுவர் ஓடிப்போய் ஓட்டையைப் பார்த்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"கோலி?" என்றார். கோல்கீப்பரை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எந்தக் கோலி சார்?"

"அந்தப் பக்கத்துக் கோலி. அவன் எந்தப் பக்கம் சாடினான்?"

எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! ஒருமுறைகூட அங்கே ஒரு ஆளை நான் நிறுத்தவில்லை. பந்து இத்தனை நாளும் யாருமில்லாத கோலுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"பந்து வந்த பக்கந்தான் சார் சாடினான்," என்றேன்.

"விரல் பட்டுதா?"

"பட்டுது சார். நுனி விரல்."

மெல்லத் தலையாட்டினார்.

"பின்ன, அவன்மேல தப்பில்ல," என்றார்.